லென்ஸில் ‘மேக்ரோ’ என்று பொறித்திருந்தால் மட்டும் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூ, பூச்சி, நகை போன்றவற்றை நெருக்கத்தில் எடுக்க வேண்டும், அதே லென்ஸில் முகங்களையும் அழகாக எடுக்க வேண்டும் என்று மேக்ரோ லென்ஸ் தேடுகிறவர்கள் இன்று ஏராளம். அவர்களுக்கு நாளிதழ்களின் தொழில்நுட்பப் பகுதிகளில் பெரும்பாலும் கிடைப்பது மாடல் பெயர்களின் பட்டியல். எந்த மாடல் என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் மூன்று எண்கள் தெரிந்தாக வேண்டும்: அதிகபட்ச உருப்பெருக்கம் எவ்வளவு, அந்த உருப்பெருக்கத்தில் லென்ஸின் முன்கண்ணாடிக்கும் பொருளுக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சும், கையில் இருக்கும் கேமராவில் அந்த லென்ஸின் ஃபோகல் லென்த் (மி.மீ.யில் சொல்லப்படும் குவியத் தூரம்) முகத்தை எத்தனை தூரத்திலிருந்து எடுக்க வைக்கும். தங்கள் பக்கங்களில் இனி லென்ஸ்களைப் பற்றி எழுதும்போது இந்த மூன்றையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

முதலில் உருப்பெருக்கம். 1:1 என்றால் பொருள் எவ்வளவு பெரியதோ அதே அளவில் அதன் பிம்பம் கேமராவின் சென்சார் (ஒளியைப் பதிவுசெய்யும் தகடு) மீது விழுகிறது. 1:2 என்றால் பாதி அளவு, 1:4 என்றால் கால் அளவு. முறையான மேக்ரோ லென்ஸ் 1:1 வரை போக வேண்டும் என்பதே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல். ஆனால் ‘மேக்ரோ’ என்ற சொல்லைப் பொறித்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லாததால், 1:4 மட்டுமே தரும் ஜூம் லென்ஸ்களிலும் அது இடம்பெறுகிறது. 70–300 மி.மீ. ஜூம்களில் சில 1:2 வரை போகும். அவை ஓரளவு நியாயமானவை. மற்றவற்றின் நிலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 × 24 மி.மீ. அளவுள்ளது. 1:4 லென்ஸில் எவ்வளவு நெருங்கினாலும் சட்டத்துக்குள் வரும் பரப்பு 144 × 96 மி.மீ. 13 மி.மீ. நீளமுள்ள தேனீ அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது. 1:1 லென்ஸில் அதே தேனீ சட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீண்டு நிற்கும். கூட்டுக் கண்ணின் பரப்பும் மார்பின் மயிரும் தெரியும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண அளவுகோல் ஒன்று போதும். லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, வளையத்தை மிக நெருக்கமான முனை வரை திருப்பி அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு கேமராவை அளவுகோலை நோக்கி மெல்ல நகர்த்தி, கோடுகள் தெளியும் இடத்தில் நிறுத்திப் படம் எடுங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் படத்தின் அகலத்துக்குள் 36 மி.மீ. தெரிந்தால் அது 1:1. 72 மி.மீ. தெரிந்தால் 1:2. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் ஏறக்குறைய 23.5 மி.மீ. தெரிய வேண்டும்; கேனான் ஏபிஎஸ்-சி என்றால் 22.3. இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் 17.3. பெட்டியில் எது அச்சிட்டிருந்தாலும் இந்தப் படம் பொய் சொல்லாது. நிக்கான் தன் மேக்ரோ லென்ஸ்களில் ‘மைக்ரோ’ என்று பொறித்து வந்தது, புதிய இசட் வரிசையில் ‘எம்சி’ என்று குறிக்கிறது. தேடும்போது அந்தப் பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன சென்சார் அளவுகளில் சிறிய கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 1:1 என்பது எல்லாக் கேமராவிலும் 1:1தான். ஆனால் சென்சார் சிறியதானால் அதே 1:1-இல் இன்னும் சிறிய பொருள் சட்டத்தை நிரப்பிவிடும். நெருக்கப்படத்துக்காக மட்டும் ஃபுல் ஃப்ரேமுக்கு மாற வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

எல்லோருக்கும் 1:1 தேவையா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. 6 செ.மீ. இறக்கை விரிப்புள்ள பட்டாம்பூச்சி ஃபுல் ஃப்ரேமில் 1:2-இலேயே சட்டத்தின் அகலத்தில் பெரும்பகுதியை நிரப்பிவிடும், 1:3 போதும். மோதிரத்துக்கு 1:2 தாராளம். பெரிய பூக்களுக்கு 1:4 கூடச் சரிதான். எறும்பு, குதிக்கும் சிலந்தி, பனித்துளிக்குள் தெரியும் பிம்பம், கைக்கடிகாரத்தின் உள் சக்கரங்கள் என்று போகிறவர்களுக்குத்தான் 1:1 கட்டாயம், சில வேளை அதுவும் போதாது. கேனானின் ஆர்எஃப் 100 மி.மீ. லென்ஸ் 1.4 மடங்கு வரை போகிறது. லாவா (Laowa) பிராண்டின் 100 மி.மீ. லென்ஸ் 2 மடங்கு தருகிறது. கேனானின் பழைய எம்பி-இ 65 மி.மீ. 1 முதல் 5 மடங்கு வரை போகும். ஆனால் அதில் தொலைவை ஃபோகஸ் செய்யவே முடியாது, ஆட்டோஃபோகஸும் கிடையாது. முகப்படம் எடுக்க நினைப்பவர் அதை வாங்கினால் வீண்.

இனி இடைவெளி. என் பார்வையில் வாங்குபவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும், வாங்கிய பிறகு மிக அதிகமாக வருந்துவதும் இதைப் பற்றித்தான். லென்ஸின் விவரக் குறிப்பில் ‘குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 30 செ.மீ.’ என்று இருக்கும். பூச்சியிலிருந்து 30 செ.மீ. தள்ளி நிற்கலாம் என்று அதைப் படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். அந்தத் தூரம் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. கேமராவின் மேல்பக்கத்தில் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்ட சின்னம் இருக்கும்; அங்கிருந்துதான் அளவு தொடங்குகிறது. நடுவே கேமராவின் உடலும் லென்ஸின் நீளமும் போய்விடுவதால், கேனானின் இஎஃப் 100 மி.மீ. எல் லென்ஸில் 30 செ.மீ. என்று குறிக்கப்பட்டது முன்கண்ணாடிக்கு முன்னால் சுமார் 13–14 செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. சோனியின் 90 மி.மீ. லென்ஸில் குறிப்பு 28 செ.மீ.; கையில் மிஞ்சுவது ஏறக்குறைய அதே 13–14தான். நிக்கானின் 60 மி.மீ. லென்ஸில் 18.5 செ.மீ. என்பது 5 செ.மீ. அளவுக்கு வந்து நிற்கும். 40 மி.மீ. லென்ஸில் 4 செ.மீ.கூட மிஞ்சாது. 180 மி.மீ. வகைகளில் சுமார் 25 செ.மீ. கிடைக்கும்.

இடைவெளி குறைந்தால் என்ன ஆகும்? பூச்சி பறந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிடப் பெரிய தொல்லை வெளிச்சம். 4 செ.மீ. தூரத்தில் லென்ஸின் நிழலே பொருள் மீது விழுகிறது. ஃப்ளாஷ் ஒளி உள்ளே நுழையவும் இடம் இல்லை. பளபளக்கும் நகையில் லென்ஸின் கறுப்பு வட்டம் பிரதிபலிக்கும். லென்ஸின் முனையில் ஹூட் எனும் வெயில் மறைப்பு மாட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1:1-க்குப் போகும்போது ஹூடைக் கழற்றிவிடுவதே சரி. ஆகவே 30, 40 மி.மீ. மேக்ரோ லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்பதற்காக மட்டும் அவற்றை வாங்க வேண்டாம். மேசை மீது தட்டையாக வைத்த பொருள், ஆவணம், தபால்தலை ஆகியவற்றுக்கு அவை நன்றாகவே உதவும். மேக்ரோ லென்ஸின் வரலாற்றிலும் அந்த வேலைக்கு இடமுண்டு. நிக்கான் 1956-இல் வெளியிட்ட 5 செ.மீ. மைக்ரோ லென்ஸ் அச்சிட்ட பக்கங்களை மைக்ரோஃபிலிமில் பதிவு செய்வதை மனத்தில் வைத்தே உருவானது. தட்டையான பக்கத்தின் நடுவும் மூலையும் ஒரே கூர்மையில் வர வேண்டும் என்ற அந்தத் தேவை இன்றைய மேக்ரோ லென்ஸ்களின் வடிவமைப்பிலும் தொடர்கிறது.

முகப்படத்துக்கு வருவோம். முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் அல்ல, நிற்கும் தூரம். அரை மீட்டரில் நின்று எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கித் தெரியும். ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் முகம் நாம் நேரில் பார்த்துப் பழகிய வடிவத்துக்கு வந்துவிடும். தலையும் தோளும் வரும் படத்துக்குச் சுமார் 70 செ.மீ. பரப்பு சட்டத்தின் நீளப் பக்கத்தில் அடங்க வேண்டும். ஃபுல் ஃப்ரேமில் 100 மி.மீ. லென்ஸ் என்றால் அதற்கு ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பேச்சுக் குரலில் சொன்னாலே எதிரில் இருப்பவருக்குக் கேட்கும், முகமும் இயல்பாக வரும். 60 மி.மீ. என்றால் 1.2 மீட்டர், தலையும் தோளும் எடுக்கும்வரை பொறுத்துக்கொள்ளலாம், முகத்தை மட்டும் நிரப்ப முயன்றால் மூக்குப் பெருக்கம் தொடங்கிவிடும். ஏபிஎஸ்-சி கேமராவில் 60 மி.மீ. மாட்டினால் 1.8 மீட்டர் ஆகிறது. அங்கே 100 மி.மீ. மாட்டினால் 3 மீட்டர். சிறிய அறையில் முதுகு சுவரில் முட்டும்.

இந்தக் கணக்கின்படி, இரண்டு வேலையும் சம அளவில் செய்ய விரும்புகிறவருக்கு ஃபுல் ஃப்ரேமில் 90 முதல் 105 மி.மீ., ஏபிஎஸ்-சியில் 60 முதல் 80 மி.மீ. என்பதே என் பரிந்துரை. டாம்ரான் 1979-இல் கொண்டுவந்த 90 மி.மீ. எஃப்/2.5 (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் திறப்பு பெரியது) லென்ஸ் 1:2 வரைதான் போகும். ஆனாலும் முகப்படத்துக்கு ஏற்ற மேக்ரோ என்று பெயர் வாங்கியது. அந்த 90 மி.மீ. வரிசை இன்றும் தொடர்கிறது.

மேக்ரோ லென்ஸ் முகத்துக்கு ஆகாது, தோலின் துளைகளையெல்லாம் காட்டிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். இது தவறு. இன்றைய நல்ல 85 மி.மீ. லென்ஸ்களும் அதே கூர்மையோடுதான் வருகின்றன. துளைகளையும் சுருக்கங்களையும் எடுத்துக் காட்டுவது பக்கவாட்டிலிருந்து விழும் கடின ஒளி. சிறிய விளக்கை எட்டத்தில் வைத்து எடுத்தால் எந்த லென்ஸும் கடுமையாகத்தான் காட்டும். பெரிய சாளரத்தின் அருகே, நேர்வெயில் படாத இடத்தில் அமர வைத்து எடுத்தால் மேக்ரோ லென்ஸிலும் தோல் மென்மையாக வரும். கூர்மையைப் பிறகு கணினியில் குறைத்துக்கொள்ளலாம். இல்லாத கூர்மையைச் சேர்க்க வழியே இல்லை. கேனானின் ஆர்எஃப் 100-இல் பின்னணி மங்கலின் தன்மையை மாற்ற ஒரு தனி வளையம் இருக்கிறது. அது தெரியாமல் திரும்பிவிட்டால் படம் முழுதும் மென்மையாகி, லென்ஸ் பழுது என்று நினைக்க வைக்கும். அதற்கென்று பூட்டு உண்டு. நெருக்கப்பட வேலையில் பூட்டியே வைத்திருக்க வேண்டும்.

முகப்படத்தில் மேக்ரோ லென்ஸுக்கு உண்மையான குறைகள் இரண்டு. ஒன்று, பின்னணி மங்கல். ஒரே அளவில் முகத்தைச் சட்டத்துக்குள் வைத்தால், தொலைவிலுள்ள பின்னணி எவ்வளவு கரைகிறது என்பது லென்ஸ் திறப்பின் விட்டத்தைப் பொறுத்தது. 100 மி.மீ. எஃப்/2.8-இல் அது சுமார் 36 மி.மீ.; 85 மி.மீ. எஃப்/1.8-இல் 47, எஃப்/1.4-இல் 61. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் எஃப்/1.4-இல் கூர்மையாக வரும் ஆழம் அந்தச் சட்ட அளவில் சுமார் 3 செ.மீ.தான், ஒரு கண் தெளிந்தால் மறு கண் மங்கும். எஃப்/2.8-இல் 6 செ.மீ., எஃப்/4-இல் 9 செ.மீ. கிடைக்கும். பெரும்பாலான முகப்படங்களுக்கு எஃப்/2.8 முதல் 4 வரை வைத்து, கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் வைத்தால் போதும்.

இரண்டாவது குறை ஆட்டோஃபோகஸின் தடுமாற்றம். மேக்ரோ லென்ஸ் 30 செ.மீ. முதல் முடிவிலி வரை உள்ளே கண்ணாடிகளை நெடுந்தூரம் நகர்த்த வேண்டியிருக்கிறது. வெளிச்சம் குறைந்த அறையில் முகத்தை ஒரு முறை தவறவிட்டால், அது அந்த முனைக்கும் இந்த முனைக்கும் போய்த் திரும்புவதற்குள் சிரிப்பு மறைந்துவிடும். இதற்காகத்தான் லென்ஸின் பக்கத்தில் ஃபோகஸ் லிமிட்டர் என்ற சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். இஎஃப் 100 எல் லென்ஸில் முழுவதும், 0.3–0.5 மீ., 0.5 மீ.–முடிவிலி என்று மூன்று நிலைகள். முகப்படத்துக்கு மூன்றாவது நிலையில் வைத்தால் தடுமாற்றம் பெருமளவு குறையும். இந்தச் சுவிட்ச் இல்லாத மேக்ரோ லென்ஸை முகப்படத்துக்கும் சேர்த்து வாங்குகிறவர், வாங்கும் முன் மங்கிய வெளிச்சத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று: முகம் எடுத்து முடித்துவிட்டு சுவிட்சை மாற்றாமல் பூவுக்குப் போனால் அரை மீட்டருக்குள் ஃபோகஸ் பிடிக்கவே பிடிக்காது. ‘லென்ஸ் கெட்டுவிட்டது’ என்று வரும் புகார்களில் இந்தச் சுவிட்சையே முதலில் பார்க்க வேண்டும்.

அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நெருக்கப்படங்கள் பாழாவதற்கு இங்கேதான் முக்கியக் காரணம் இருக்கிறது. நெருங்க நெருங்க லென்ஸ் வழியே சென்சாருக்குச் சேரும் ஒளி குறைகிறது. வைத்திருக்கும் எஃப் எண்ணை, ஒன்றோடு உருப்பெருக்கத்தைக் கூட்டிய எண்ணால் பெருக்கினால் உண்மையில் வேலை செய்யும் எஃப் எண் கிடைக்கும். 1:1-இல் பெருக்கும் எண் 2. அதாவது எஃப்/2.8 என்று வைத்தது எஃப்/5.6 போல நடந்துகொள்ளும். இரண்டு ஸ்டாப் ஒளி நஷ்டம், அதாவது கால் பங்கு ஒளியே சேரும். உள்ளுக்குள்ளேயே கண்ணாடிகளை நகர்த்தி ஃபோகஸ் செய்யும் இன்றைய லென்ஸ்களில் இது கொஞ்சம் மாறுபடும். நிக்கான் கேமராக்கள் இந்த மாற்றத்தைத் திரையிலேயே காட்டும், 105 மி.மீ. விஆர் லென்ஸை நெருக்கத்துக்குக் கொண்டுபோனால் 2.8 என்ற எண் 4.8 ஆக ஏறும். லென்ஸில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். கேனான் கேமராக்கள் 2.8 என்றே காட்டிக்கொண்டிருக்கும், ஒளி மட்டும் குறையும்.

இப்போது கூர்மையான ஆழத்தைப் பாருங்கள். ஃபுல் ஃப்ரேமில் 1:1-இல் எஃப்/2.8 வைத்தால் மூன்றில் ஒரு மி.மீ. மட்டுமே தெளிவாக இருக்கும். எஃப்/8-இல் ஏறக்குறைய 1 மி.மீ.; எஃப்/16-இல் 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஒரு ஈயின் முகத்தை நேருக்கு நேர் எடுத்தால் கண்ணின் முன்புறம் தெளிந்து, கழுத்துக்குப் போவதற்குள் மங்கிவிடும். சரி, எஃப்/32 வைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒளியின் விளிம்பு விளைவு குறுக்கே வருகிறது. சிறிய துளை வழியே போகும் ஒளி பரவி, ஒவ்வொரு புள்ளியையும் ஒரு வட்டமாக்குகிறது. 1:1-இல் எஃப்/11 என்பது நடைமுறையில் எஃப்/22. அந்த நிலையில் ஒரு புள்ளி ஒளி சென்சாரில் சுமார் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள வட்டமாகிறது. 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் ஒரு பிக்ஸலோ 6 மைக்ரான்தான். எஃப்/16 வைத்தால் வட்டம் 40 மைக்ரானைத் தாண்டும். ஆழம் கூடும், ஆனால் படம் முழுதும் ஒரே சீராகக் கூர்மை இழக்கும். கையில் பிடித்து எடுக்கும் உயிரினப் படங்களுக்கு எஃப்/8 முதல் 11 வரை நிற்பது நல்லது. அதற்கு மேல் ஆழம் வேண்டுமானால் ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்ய வேண்டும்.

ஸ்டாக்கிங் என்பது ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் தெளிவான பகுதிகளை மட்டும் சேர்ப்பது. எஃப்/5.6-இல் 1:1-இன் ஆழம் சுமார் 0.67 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி 0.4 மி.மீ. இடைவெளியில் எடுத்தால், 8 மி.மீ. ஆழமுள்ள பொருளுக்கு 20 படங்கள் போதும். இடைவெளியைப் பெரிதாக்கினால் படத்தில் மங்கல் கோடுகள் பட்டை பட்டையாக விழும். பல புதிய கேமராக்கள் இந்த வேலையைத் தாமாகவே செய்கின்றன. ஆனால் லென்ஸின் ஃபோகஸ் மோட்டாரைக் கேமரா இயக்க முடிந்தால்தான் அது நடக்கும். முழு மேனுவல் லென்ஸ் வாங்கினால் கேமராவை முன்பின் நகர்த்தும் ரெயில் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். காற்றில் ஆடும் பூவுக்கு ஸ்டாக்கிங் சரிவராது.

ஸ்டெபிலைசர் எனப்படும் அதிர்வு தடுப்புக்கு அதிக விலை கொடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இஎஃப் 100 எல் லென்ஸில் அது வழக்கமான தூரத்தில் 4 ஸ்டாப் உதவும் என்று கேனானே சொல்கிறது; 1:1-இல் 2 ஸ்டாப்தான். அதுவும் பக்கவாட்டு, மேல்கீழ் ஆட்டங்களுக்கு. உடல் முன்னும் பின்னும் அசைவதை அது தடுக்காது. ஆழம் 1 மி.மீ. இருக்கும்போது அந்த முன்பின் அசைவுதான் படத்தைக் கெடுக்கிறது. முகப்படத்துக்கு ஸ்டெபிலைசர் பயன்படும். நெருக்கப்படத்துக்கு அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். செய்ய வேண்டிய முறை இது: தேவையான உருப்பெருக்கத்துக்கு ஃபோகஸ் வளையத்தை வைத்து அதைத் தொடாமல் விட்டுவிட்டு, முழங்கையைத் தொடையிலோ தரையிலோ ஊன்றி, உடலை மட்டும் மெல்ல முன்னே சாய்த்து, கண் தெளியும் நேரத்தில் தொடர்ச்சியாக நாலைந்து படங்கள் எடுப்பது. 1:1-இல் ஆட்டோஃபோகஸைவிட இது நிச்சயமானது.

வெளிச்சத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும். எஃப்/11, கையில் கேமரா, அசையும் பூச்சி என்றால் ஃப்ளாஷ் இல்லாமல் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனை மிக உயர்த்த வேண்டிவரும். சாதாரண ஃப்ளாஷ் ஒன்றை மாட்டி, லென்ஸின் முனைக்கு மேல் ஒளியைப் பரப்பும் வெள்ளை டிஃப்யூசர் ஒன்றை வளைத்துக் கட்டினால், ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200 என்ற அளவிலேயே வேலை முடியும். ஃப்ளாஷ் குறைந்த சக்தியில் எரியும்போது அதன் ஒளிக்கீற்று மிகக் குறுகியது; கை நடுக்கத்தை அது உறைய வைத்துவிடும். டிஃப்யூசர் பொருளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு மென்மையான ஒளி. வளைய ஃப்ளாஷ் வசதியானதுதான். ஆனால் நிழலே இல்லாமல் தட்டையாக்கிவிடும், வண்டின் முதுகில் வெள்ளை வளையமும் விழும்.

மேக்ரோ லென்ஸ் வாங்காமல் சமாளிக்கும் வழிகள் குறித்தும் சுருக்கமாகச் சொல்லலாம். முகப்படமே பிரதானம், நெருக்கப்படம் எப்போதாவது என்பவருக்கு 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோடு, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்குவது மேக்ரோ லென்ஸைவிடப் பொருத்தம். டியூபுக்குள் கண்ணாடி இல்லை. அதன் நீளத்தை ஃபோகல் லென்த்தால் வகுத்தால் கூடும் உருப்பெருக்கம் தெரியும். 36 மி.மீ. டியூப் 85 மி.மீ. லென்ஸில் 0.42 கூட்டும். மாட்டியிருக்கும்வரை தொலைவில் ஃபோகஸ் ஆகாது. மின்தொடர்பு இல்லாத மலிவான டியூபில் பெரும்பாலான லென்ஸ்களின் அப்பெர்ச்சரை மாற்றவே முடியாது. தொடர்பு உள்ளதையே வாங்க வேண்டும். முன்னால் திருகும் க்ளோஸ்-அப் லென்ஸ்களில் ஒற்றைக் கண்ணாடி வகை ஓரங்களில் ஊதா, பச்சை நிறக் கசிவைத் தரும். இரண்டு, மூன்று கண்ணாடிகள் சேர்த்துச் செய்த அக்ரோமாட் வகை நல்லது. ரேநாக்ஸின் டிசிஆர்-250 என்ற அத்தகைய க்ளோஸ்-அப் லென்ஸின் சக்தி 8 டயாப்டர், 100 மி.மீ. லென்ஸில் தனியாகவே 0.8 மடங்கு தரும், இடைவெளி 12.5 செ.மீ. அளவில் நிற்கும்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. கைபேசி விளக்கைப் பின்புறமிருந்து சாய்வாகக் காட்டி உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போன்ற கிளைகள் தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். நாலைந்து தூசித் துகள்கள் படத்தைப் பாதிக்காது. அப்பெர்ச்சர் இலைகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் அவை ஒட்டிக்கொண்டு, எஃப்/11 வைத்தும் படம் அளவுக்கு மீறி வெளிறும். ஃபோகஸ் வளையம் முழு ஓட்டத்திலும் ஒரே இழுப்பில் திரும்ப வேண்டும். நறநறவென்றால் உள்ளே மணல். தட்டையான அச்சுப் பக்கம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, முக்காலியில் வைத்து எஃப்/4-இல் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். தங்கள் நாளிதழின் ஒரு பக்கமே இதற்குப் போதும். கேமரா சுவருக்கு இணையாக இருந்தும் ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் கீழே விழுந்து கண்ணாடி இடம்பெயர்ந்திருக்கலாம். நிக்கானின் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்கு உள்ளே மோட்டார் இல்லை. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களிலும், பழைய லென்ஸ்களைப் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் வழியே இசட் கேமராக்களிலும் அவற்றுக்கு ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. நெருக்கப்படத்துக்கு அது குறையல்ல, ஓடியாடும் குழந்தையின் முகத்தைப் பிடிக்க நினைப்பவருக்குப் பெருங்குறை.

எடையையும் கையில் தூக்கிப் பார்த்துவிட வேண்டும். 90–105 மி.மீ. லென்ஸ்கள் பெரும்பாலும் 600 முதல் 700 கிராம். கேனானின் 180 மி.மீ. 1 கிலோவைத் தாண்டும். உயிருள்ள பூச்சிகளே முழுநேர வேலை என்பவருக்கு அந்த நீள லென்ஸ் தரும் இடைவெளி எடைக்கு ஈடாகும். முகப்படமும் வேண்டும் என்பவருக்கு அது தேவையற்ற சுமை. தலையும் தோளும் எடுக்கவே மூன்றரை மீட்டர் பின்னால் போக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்